பலன் நினையாத அரைமணி நேரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்கிறவர், பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளையும் கடந்து போகையில், மாடிப்படிகளின் ஓரத்திலும் தூண்களிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் இரண்டு வகையைக் காண்பார்: எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதிப் பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்யும் டியூஷன் வகுப்புகளைப் பற்றியது ஒன்று. மன ஒருமைப்பாட்டைக் கற்பிக்கும் தியான வகுப்புகளைப் பற்றியது மற்றொன்று. முன்னெல்லாம் இவ்விரண்டும் வெவ்வேறு தோரணையில் பேசும். இன்றோ ஞாபக சக்தி, தன்னம்பிக்கை, தொழிலில் முன்னேற்றம், வாழ்க்கையில் வெற்றி என்று இரண்டுமே ஒரே தோரணையில் பேசத் தொடங்கிவிட்டன. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கும் ஒரு தாய், தன் மகளை ஒரு மாடியில் கணக்கு வகுப்பிலும் மறு மாடியில் தியான வகுப்பிலும் சேர்த்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே நோக்கத்தோடு பணம் கட்டிச் செல்வாளானால், அதில் விநோதம் காண்பவர் இக்காலத்தில் அரியர்.

அரியரேயன்றி இல்லாதவர் அல்லர். ஆத்ம விசாரத்துக்கென்று முன்னோர் வகுத்த ஒரு சாதனத்தை மதிப்பெண்ணுக்கும் பதவி உயர்வுக்கும் உபயோகிப்பது, பூஜைப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் ஏற்றுவதற்கு ஒப்பானது என்று வருந்துகிற வைதிகர்களை இப்போதும் சந்திக்கலாம். மறுபுறத்தில், பிழைப்புக்கு உதவாத சாதனம் யாருக்கு வேண்டும் என்று கேட்கிற நவீனர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொகை அதிகம். இவ்விரு கட்சியாரும் முதலில் ஆராயவேண்டிய ஒன்றை ஆராயாமலே வழக்காடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வெற்றியை விரும்பித் தியானத்தில் அமர்கிறவனுக்கு, கண்ணை மூடி அமர்ந்திருக்கும் அந்த வேளையில், அந்த விருப்பம் என்ன செய்கிறது? துணை செய்கிறதா, இடையூறு செய்கிறதா? தகுமா தகாதா என்ற விவாதமெல்லாம் இதற்கு விடை கண்ட பிறகு நடக்க வேண்டியது.

விளம்பரங்கள் மலிந்த அந்தச் சாலையிலேயே, 1904ஆம் ஆண்டில் தோன்றிய விவேகானந்த ஆசிரமம் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ரயில்வே இலாகாவிலும் மற்றச் சர்க்கார் காரியாலயங்களிலும் கிராணிமாராக உழைத்த வகுப்பினரின் முயற்சி அது. இங்கிலீஷ் பரீட்சையில் தேறி, அந்தத் தேர்ச்சியையே கைம்முதலாகக் கொண்டு கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஆகவே, பரீட்சையில் தேறுவதன் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்திராது. 1893ஆம் ஆண்டில் சிக்காகோவுக்குச் செல்லும் வழியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கப்பல் நின்றபோது இந்தப் பூமியைக் கண்ணால் கண்டு சென்ற விவேகானந்தர், 1902ஆம் ஆண்டு ஜூலை மாதம் சமாதியடைந்தார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், ஈயத்தாலும் ரப்பராலும் ரயிலாலும் பெருகிக்கொண்டிருந்த ஒரு நகரத்தின் செங்கற் சூளைப் பேட்டையாகிய பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரால் ஓர் ஆசிரமம் எழுந்தது என்றால், சம்பளத்துக்கு அப்பாலும் தங்களுக்கு ஒன்று தேவை என்று அந்தக் கிராணிமார் உணர்ந்திருந்தார்கள் என்றுதானே கொள்ளவேண்டும்? அதே ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் யோசனை ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, ஊரார் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பியதையும் இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. லாபமும் தியானமும் ஒரே மனையில் எதிரெதிரே நிற்பது இந்நகரத்தில் புதிய சம்பவமன்று.

விவேகானந்தர் கல்வியைப் பற்றிச் சொல்லிய ஒரு கருத்து நம் பள்ளிக்கூடச் சுவர்களில் பெரிதும் ஆளப்படுகிறது. விஷயங்களைச் சேர்த்துக் குவிப்பது கல்வியன்று, மனத்தை ஒருமுகப்படுத்துவதே கல்வியின் சாரம்; மீண்டும் ஒருமுறை கல்வி பயிலும் வாய்ப்புத் தமக்குக் கிட்டுமானால், முதலில் மனம் என்னும் கருவியைச் செப்பம் செய்துகொண்டு, பிறகு வேண்டிய விஷயங்களை வேண்டியபோது திரட்டிக்கொள்வதாக அவர் கூறினார். இதில் நம் சுவர்கள் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. மனத்தை ஒன்றில் பொருத்தும் சக்தியோடு, பொருத்திய மனத்தை அதிலிருந்து விடுவிக்கும் சக்தியையும் சேர்த்தே வளர்த்துக்கொள்வேன் என்பது அவருடைய கூற்று. பொருத்துவதை மட்டும் எழுதி விடுவிப்பதை எழுதாமல் விட்டதற்கு இடப்பற்றாக்குறை காரணமாயிருக்க முடியாது. முதற்பகுதி நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. இரண்டாவது பகுதி நம்மை எதையோ கைவிடச் சொல்கிறது.

பொருத்துவதும் விடுவிப்பதுமான இந்த இரட்டையை விவேகானந்தர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காற்றைப் பிடிப்பதும் ஒன்று மனத்தைப் பிடிப்பதும் ஒன்று என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் முறையிடும்போது, கண்ணபிரான் அதை மறுக்கவில்லை. கடினந்தான் என்று ஒப்புக்கொண்டு, அப்பியாசம், வைராக்கியம் என்ற இரண்டினால் கைகூடும் என்று விடை கூறுகிறான். யோக சூத்திரம் செய்த பதஞ்சலியும் இந்த இரண்டையே, இந்த வரிசையிலேயே, தம் நூலின் தொடக்கத்தில் வைத்தார். அப்பியாசம் என்பது விளங்குகிறது: நாள்தோறும் குறித்த வேளையில் அமர்வது, மூச்சையோ மந்திரத்தையோ ஒளியையோ பற்றி நிற்பது, நழுவிய மனத்தை மறுபடி மறுபடி அழைத்து வருவது. கால அட்டவணையில் அடைக்கக்கூடியது, கட்டணம் விதிக்கக்கூடியது, கைப்பேசியில் நிமிஷக் கணக்காய்ப் பதிவு செய்யக்கூடியது. வைராக்கியத்துக்கு இந்த வசதிகள் ஒன்றும் இல்லை. கண்ணால் கண்ட பொருளிலும் காதால் கேட்ட பொருளிலும் தாகம் அடங்கிய நிலை என்று பதஞ்சலி அதை விளக்குகிறார். அப்படிப்பட்ட ஒன்றை, வாழ்க்கையில் வெற்றி என்று தலைப்பிட்டு அச்சடித்த விளம்பரத்தில் எந்த மூலையில் சேர்ப்பது? ஆகவே அது சேர்வதில்லை.

சேராமற்போனால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். மோட்சத்தை விரும்புகிறவனுக்கு அது வேண்டியிருக்கட்டும். பௌதிகப் பாடத்தில் ஏ வாங்க விரும்புகிற பெண்ணுக்கு அப்பியாசம் மட்டும் போதாதா? போதாது என்பதற்கு வேதாந்தத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை; அந்தப் பெண்ணின் மனத்துக்குள்ளே சற்று எட்டிப் பார்த்தால் போதும். மூச்சைக் கவனிக்கும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பத்து மூச்சு கவனிக்கிறாள். பதினோராவது மூச்சில், இப்படிக் கவனித்ததால் நேற்றைக்கு இன்று ஞாபக சக்தி கூடியிருக்கிறதா என்ற எண்ணம் எழுகிறது. கூடவில்லை போலிருக்கிறதே என்ற பயம் அதைத் தொடர்கிறது. அந்தப் பயத்தின் பின்னே, டியூஷனில் தன்னைக் காட்டிலும் அதிக மதிப்பெண் வாங்கிய தோழியின் முகமும், கட்டணம் கட்டிவிட்டு ரயில் ஏறிய தாயின் முகமும், சர்வகலாசாலைக்கு முந்திய மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்காத அண்ணனின் முகமும் வரிசையாக வந்து நிற்கின்றன. இவை எங்கிருந்து வந்தன? எந்த வெற்றியை நாடி அவள் கண்ணை மூடினாளோ, அந்த வெற்றியின் பரிவாரங்களாகவே வந்தன. தெருவில் போகும் மோட்டார் சைக்கிளின் ஓசையைக் காட்டிலும், மேலே ஓடும் மோனோரயிலின் இரைச்சலைக் காட்டிலும், பலனைப் பற்றிய கவலையே மனத்தைச் சிதறடிப்பதில் வல்லது. வெளியிலிருந்து வரும் ஓசை ஒருமுறை கலைத்துவிட்டுப் போய்விடும். பலனைப் பற்றிய கவலையோ ஒவ்வொரு நிமிஷமும் திரும்பி வந்து, இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்று கணக்குக் கேட்கும். கணக்குக் கேட்கிற மனம் மூச்சின்மேல் இல்லை, பௌதிகத்தின்மேலும் இல்லை. பரீட்சை மண்டபத்தில், படித்ததெல்லாம் மறந்துபோயிற்று என்று வெளியே வந்து அழுகிற மாணவருள் எத்தனை பேர் படிக்காதவர்கள்? பலர் நன்றாகப் படித்தவர்கள். கேள்வித்தாளை வாசிக்க வேண்டிய கண்ணைக் கொண்டு, அவர்கள் தங்கள் தோல்வியை முன்கூட்டியே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே வைராக்கியம் என்பது துறவிக்கு உரிய ஆடம்பரம் என்றும் அப்பியாசம் என்பது இல்லறத்தானுக்கு உரிய அளவான பங்கு என்றும் பிரிப்பதற்கு இடமில்லை. ஒருமைப்பாடு என்ற காரியத்தில் வேலை செய்கிற உறுப்பே வைராக்கியந்தான்.

மேல்நாட்டு விஞ்ஞானிகளுடைய பரிசோதனைகளும் இதற்கு அருகில் வந்து நிற்கின்றன. மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979ஆம் ஆண்டில், தீராத நோவினால் வருந்துகிறவர்களுக்காகப் பௌத்தத் தியான முறையைச் சமயச் சார்பு நீக்கிக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கிருந்து புறப்பட்ட பழக்கம் ஆஸ்பத்திரியைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்தைக் கடந்து கம்பெனிகளுக்கும் பரவியது. கூகிள் கம்பெனியில் 2007ஆம் ஆண்டில் ஊழியர்களுக்கு இத்தகைய வகுப்பைத் தொடங்கிய சேட்-மெங் டான் என்ற பொறியியலாளர் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரில் பிறந்தவர். கலிபோர்னியாவில் நடந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 48 கல்லூரி மாணவர்களைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் கவனப் பயிற்சியும், மற்றப் பகுதியினருக்கு உணவுச் சத்தைப் பற்றிய வகுப்பும் நடத்திப் பார்த்தார்கள். கவனப் பயிற்சி பெற்றவர்களுடைய மனம் அலைவது குறைந்தது. வாசித்துப் பொருள் உணரும் பரீட்சையில் அவர்கள் மதிப்பெண் கூடியது. விளம்பரக்காரருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. 2018ஆம் ஆண்டில் ஹாஃபென்பிராக், வோஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியோ அவர்களை யோசனையில் ஆழ்த்தவேண்டியது. சற்று நேரம் தியானத்தில் இருந்தவர்களிடம் அலுப்பூட்டும் சில வேலைகளைக் கொடுத்தபோது, அவற்றைச் செய்வதில் அவர்களுக்கு உற்சாகம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது; ஆனால் வேலையின் தரம் குறையவில்லை. வருங்காலத்தைப் பற்றிய நாட்டம் தணிந்ததால் ஆவல் குறைந்தது. மனத்தை உறுத்தும் கவலைகளிலிருந்து விலகி நிற்க முடிந்ததால் கவனம் கூடியது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்தது. ஆவல் குறைந்தும் காரியம் குறையாத இந்த நிலையைக் கீதை படித்தவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊழியர்களின் உற்சாகத்தைப் பெருக்கும் பொருட்டுத் தியான ஆசிரியரை அழைக்கிற முதலாளிமார் அடையாளம் கண்டுகொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி, ஒருமைப்பாடு கைகூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது நல்லதுதானா? வள்ளுவரும் ஔவையாரும் காலம் கருதிக் காத்திருப்பதற்குக் கொக்கை எடுத்துக்காட்டினார்கள். நம் தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் அந்தக் கொக்கை மேடைதோறும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஒரு சூத்திரம் பௌத்த நூலாகிய மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. மாரனால் தூண்டப்பட்ட கிருஹஸ்தர்கள் பிக்குகளை வைகிறார்கள்: எலிக்காக மரக்கிளையில் அமர்ந்திருக்கும் ஆந்தையும், மீனுக்காக ஆற்றங்கரையில் நிற்கும் நரியும், சந்தில் பதுங்கியிருக்கும் பூனையும் செய்கிற தியானத்தைத்தான் இந்த மொட்டைத் தலையர்களும் செய்கிறார்கள் என்கிறார்கள். வசவுதான், எனினும் வசவில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. பூனையின் ஒருமைப்பாட்டில் குற்றம் காண முடியாது. திருடனும், மோசடிக் கணக்கு எழுதுகிறவனும், தொலைபேசியில் முதியவர்களின் சேமிப்பைப் பறிக்கிறவனும் தத்தம் தொழிலில் சித்தம் சிதறாதவர்களே. அதனால்தான் புத்தர் வகுத்த எட்டு அங்கங்களுள் சமாதி கடைசியில் நிற்கிறது. நல்வாக்கும் நற்செய்கையும் நல்வாழ்வும் அதற்கு முன்னே வந்தாகவேண்டும். பதஞ்சலியின் எட்டு அங்கங்களிலும், திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரித்த எட்டிலும் வரிசை அப்படியே: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலில், தியானம் ஏழாவது. ஏழாவது படியிலேயே நேராக ஏறி நின்றுவிடலாம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிற வகுப்புகள், முதல் ஆறு படிகளையும் எங்கே வைத்தன என்று கேட்க மாணவர்களுக்கு உரிமை உண்டு.

பிரிக்பீல்ட்ஸிலேயே இதை அரைநூற்றாண்டுக்கு மேல் சலிக்காமல் சொல்லிவந்த ஒருவர் இருந்தார். 1952ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலங்கையிலிருந்து வந்து, அங்குள்ள பௌத்த மகா விஹாரையில் தங்கி, 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி மறையும்வரை இந்நாட்டிலேயே தொண்டு புரிந்த கே. ஸ்ரீ தம்மானந்த மகா தேரர், தியானத்தைப் பற்றி எளிய இங்கிலீஷில் நிறைய எழுதினார். பயத்தையும் கவலையையும் பற்றி இல்லறத்தார் படிக்கும்படி தனி நூலே எழுதினார். காசியிலே படித்து, சிங்களம் பேசி, பெரும்பாலும் சீனர்களுக்குப் போதித்த அவருடைய விஹாரை, தமிழர்களுடைய விவேகானந்த ஆசிரமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

நம் ஜனங்களுக்கு ஒருமைப்பாடு தியான வகுப்பினால்தான் அறிமுகமாயிற்று என்று நினைப்பதும் தவறு. 1890களிலிருந்து தைப்பூசம் நடந்துவரும் பத்துமலையில், விரதம் காத்து, தரையில் படுத்து, ஒருவேளை உண்டு, காவடி ஏந்தி 272 படிகளையும் ஏறுகிறவன், கிளம்பும்போது லௌகிகக் காரணத்தோடுதான் கிளம்புகிறான்: மகனுக்கு வேலை, மனைவிக்குச் சுகப் பிரசவம், தனக்கு நோய் நீக்கம். இதை வியாபாரம் என்று பழிக்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. நேர்த்திக்கடனில் பெரும்பகுதி, கேட்டது கிடைத்த பிறகு செலுத்துகிற கடன். காவடி தோளில் ஏறும் நாளில், கேட்கவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. மகனுக்கு வேலை கிடைத்தாயிற்று. எதிர்பார்ப்பு ஒழிந்த தோளின்மேல்தான் காவடி அமர்கிறது. அந்த வேளையில் அவன் முகத்தில் காணும் ஒருமைப்பாட்டை எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை. வைராக்கியம் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு லாரி ஓட்டுநருக்கு அதன் ருசியைக் காட்டிவிடுகிற இந்த ஏற்பாட்டை யார் யோசித்து வகுத்தார்களோ!

தியானம் வெற்றி தரும் என்ற பேச்சில் எனக்கு மிகவும் கசப்பாக இருப்பது வேறொன்று. வெற்றி ஒருமைப்பாட்டினால் வருகிறது என்றால், தோல்வி ஒருமைப்பாட்டின் குறைவினால் வருகிறது என்று சொல்லாமற் சொல்லியதாகிறது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது வெளியேறி, கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு அறைகளில் எட்டுப் பேர், கூடத்தில் தொலைக்காட்சி, இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்கும் தந்தை, படிக்க மேசை கிடையாது. இந்தப் பிள்ளையிடம் போய், உனக்கு மன ஒருமைப்பாடு போதாது என்று சொல்லுகிறவர் அறியாமையால் சொன்னாலும் அது அநீதியே. அவனுக்கு முதலில் வேண்டியது அமைதியான ஓர் அறையும், வயிறாரச் சோறும், அவன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் ஓர் ஆசிரியரும்.

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த பிறகு, பூச்சோங்கில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தர் இதை நன்கு உணர்ந்தவர். சர்வ சமயத்தாரும் அமர்ந்து வழிபடுவதற்கு ஓர் ஆலயம் அங்கே உண்டு; ஆனால் அதன் பக்கத்திலேயே அநாதைக் குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் எழுந்தன. 1961ஆம் ஆண்டில் சுவாமி மறைந்த பின், அந்தப் பணியைத் தாங்கி நின்ற அன்னை மங்களம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமது 97ஆம் வயதில் காலமானார். அத்தனை ஆண்டுகள் பிறர் பெற்ற குழந்தைகளுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவருடைய தியானம் எவ்வளவு ஆழமானது என்று அளக்கும் கருவி என்னிடம் இல்லை. அளக்க வேண்டிய அவசியத்தையும் காணவில்லை.

அப்படியானால் வெற்றியை விரும்பி வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாமா? கீதையாசிரியன் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில், மாண்டால் சுவர்க்கம், வென்றால் பூமி என்று அர்ஜுனனுக்கு ஆசை காட்டுகிறான். நம் விளம்பரக்காரர் தோற்றார். அதற்கு மறு சுலோகத்திலேயே, வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொண்டு போருக்கு எழு என்கிறான். ஆசை காட்டி அழைத்து வந்து, உள்ளே வந்ததும் ஆசையை வாங்கி வைத்துக்கொள்கிற இந்தச் சாமர்த்தியம் நல்ல ஆசிரியர்கள் எல்லோரிடமும் இருந்திருக்கிறது. மதயானையை அடக்குவதும் நீர்மேல் நடப்பதுமான சித்திகளையெல்லாம் அடுக்கிக் காட்டி, அவற்றுக்கும் மேலே அரிதானதாகச் சிந்தை அடங்கிச் சும்மா இருப்பதை வைத்த தாயுமானவரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சித்திகள் உலகத்தார் கண்ணுக்கு வெற்றி, சமாதிக்கோ இடையூறு என்று பதஞ்சலியே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சாமர்த்தியம் நிறைந்த ஆசிரியர் ஒருவர் இந்நாட்டிலேயே உருவானார் என்பது நம்மவருட் பலர் மறந்துபோன சரித்திரம். திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887ஆம் ஆண்டில் பிறந்து, தஞ்சாவூரில் வைத்தியம் பயின்று, வைத்தியப் பத்திரிகை ஒன்றும் நடத்திப் பார்த்த குப்புசாமி என்ற இளைஞர், 1913ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பின்னர் ஜொகூருக்கு மாறினார். பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். பால் வெட்டும் தொழிலாளரின் மலேரியாவையும் புண்களையும் பிரசவங்களையும் பார்த்துக்கொண்டே, இரவில் கண் விழித்து எழுதினார்: வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு நூல், நோய்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களைத் திரட்டி ஒரு நூல், பொதுச் சுகாதாரப் பிரசங்கங்கள். வருமானம் நன்றாக இருந்தது. ஊரில் மதிப்பு இருந்தது. இக்காலத்து வகுப்புகள் எந்த வெற்றியை வாக்களிக்கின்றனவோ அந்த வெற்றி, முறையான தியானத்தில் அமர்வதற்கு முன்பே, தொழிலில் செலுத்திய சிரத்தையினாலேயே அவருக்குக் கைகூடிவிட்டது. தம்மிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர் கொடுத்த வேதாந்த நூலைப் படித்த பிறகு, அந்த வெற்றி போதவில்லை என்ற எண்ணம் வலுத்தது. 1923ஆம் ஆண்டில் உத்தியோகத்தை விட்டுக் கப்பலேறி, 1924ஆம் ஆண்டில் ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்றுச் சுவாமி சிவானந்தரானார். அங்கே போன பிறகும் மருந்துப் பெட்டியை அவர் கைவிடவில்லை. லக்ஷ்மண்ஜூலாவில் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார். 1936ஆம் ஆண்டில் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்குப் பத்துமலையிலும் ஓர் ஆசிரமம் உண்டு.

அவர் எழுதிய இருநூற்றுக்கு மேற்பட்ட நூல்களுள், வாழ்க்கையில் வெற்றி பெறுவதற்கும் இறைவனை உணர்வதற்கும் உரிய நிச்சயமான வழிகளைப் பற்றியது ஒன்று. சங்கதி இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்துப் போட அவர் கூசவில்லை. சிரம்பான் தோட்டத்தில் பத்துக்காசுக்கு அல்லாடிய ஜனங்களைப் பார்த்தவர், வெற்றி வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லும் துணிவு தமக்கு இல்லை என்று கருதினார் போலும். ஆனால் சாதகர்களுக்கென்று அவர் வகுத்த ஆத்மீகத் தினசரி என்ற படிவத்தைப் பார்க்கவேண்டும். வைத்தியர் நோயாளியின் சுரக் கணக்கைக் குறிப்பதுபோலவே அமைந்த அட்டவணை அது. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் உறங்கினாய், எத்தனை மாலை ஜபம், தியானத்தில் எவ்வளவு நேரம், மௌனத்தில் எவ்வளவு நேரம், பலன் கருதாத சேவையில் எவ்வளவு நேரம், தானம் எவ்வளவு, எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே விதித்துக்கொண்ட தண்டனை என்ன, எத்தனை முறை கோபித்தாய், வீண் சகவாசத்தில் எத்தனை மணி நேரம் கழித்தாய் என்று கேள்விகள் நாள்தோறும் தொடர்கின்றன. சம்பளம் உயர்ந்ததா, பரீட்சையில் தேறினாயா, வியாபாரம் பெருகியதா என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. டியூஷன் முடித்து மறு மாடிக்கு ஏறும் அந்தப் பெண்ணிடம் இந்தப் படிவத்தை ஒரு மாதத்துக்குக் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதுண்டு. பொய்யின் கணக்கை எழுதத் தொடங்கும் முதல் வாரத்திலேயே, படித்தாயா என்று தாய் கேட்கும்போதெல்லாம் படித்தேன் என்று அவள் சொல்லிவந்த பதிலைக் குறிக்க வேண்டிவரும். அதைக் குறித்த பிறகு அவள் தாயோடு பேச வேண்டிவரும். தாய்க்கும் அன்று தன் பயத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். மதிப்பெண் ஏறுமா என்பதை அந்தப் பேச்சுக்குப் பிறகு இருவரும் தீர்மானித்துக்கொள்ளட்டும்.